ஆதித் திருச்சபை புதிய மக்களிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது?

கிறிஸ்தவம் எப்படிப் பரவியது என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மதம் மாறினார், அவர் பின்னாலேயே நாடும் மாறியது என்பது ஒன்று. இயேசுவின் செய்தியைச் சொல்ல அனுப்பப்பட்ட அப்போஸ்தலர்கள் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தார்கள், ஜனங்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள் என்பது இன்னொன்று. முதலாவதை விமர்சகர்கள் சொல்வார்கள், இரண்டாவதை விசுவாசிகள் சொல்வார்கள். இரண்டு தரப்புமே ஒரு நீண்ட காலத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறது.

இயேசு சிலுவையில் அறையப்பட்டது கி.பி. 30 வாக்கில். கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவர்களுக்குச் சட்ட உரிமை கொடுத்தது 313இல். நடுவில் ஏறக்குறைய 280 ஆண்டுகள். அந்தக் காலத்தில் சபைக்குப் படை இல்லை, அரசாங்கப் பணம் இல்லை, பெரும்பாலான இடங்களில் சொந்தக் கட்டிடம்கூட இல்லை. அப்படியிருந்தும் 112 வாக்கிலேயே, கருங்கடல் ஓரத்துப் பித்தினியா மாகாணத்தின் ஆளுநர் பிளினி, இந்த நம்பிக்கை நகரங்களைத் தாண்டிக் கிராமங்கள் வரை போய்விட்டது என்று பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதுகிறார். அந்த 280 ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

பழக்கமான ஒரு காட்சி

ஒரு கிராமத்திலிருந்து ஒருவர் வேலை தேடிப் பெருநகரத்துக்குப் போகிறார். கொஞ்சம் காலூன்றியதும் மச்சானை வரவழைக்கிறார். மச்சான் பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டி வருகிறார். தங்க ஓர் அறை, வேலைக்கு ஒரு சிபாரிசு, உடம்புக்கு முடியாவிட்டால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஓர் ஆள் என எல்லாம் தெரிந்தவர்கள் மூலமாகவே நடக்கிறது. இருபது வருடத்தில் அந்த நகரத்தில் ஒரு தெருவே அந்த ஊர்க்காரர்களால் நிறைந்துவிடும். இதற்கு யாரும் விளம்பரம் செய்யவில்லை, உத்தரவு போடவும் இல்லை.

இப்படிச் சொந்தம், தொழில், நட்பு வழியாக மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் கட்டப்பட்டிருப்பதை வலைப்பின்னல் என்பார்கள். ஆதித் திருச்சபையின் செய்தி பரவியது முக்கியமாக இந்த வழியில்தான். மேடைப் பிரசங்கமும் நடந்தது. ஆனால் ஒருவர் உள்ளே வந்து நிலைத்து நிற்பதற்குத் தெரிந்த முகம் ஒன்று தேவைப்பட்டது.

ஏற்கெனவே இருந்த பாதை

அந்தக் காலத்து யூதர்கள் யூதேயாவில் மட்டும் வாழவில்லை. அலெக்சாந்திரியா, அந்தியோகியா, எபேசு, கொரிந்து, ரோம் என மத்தியதரைக் கடலைச் சுற்றியிருந்த பெரிய நகரங்களிலெல்லாம் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தார்கள். ஒவ்வோர் ஊரிலும் அவர்களுக்கு ஜெப ஆலயம் இருந்தது. ஓய்வுநாளில் கூடி வேதம் வாசித்து ஜெபிக்கும் இடம் அது. வெளியூரிலிருந்து வந்த ஒருவரை எழுந்து நாலு வார்த்தை சொல்லச் சொல்வது அங்கே வழக்கம். இந்தச் செய்தியை ஊர் ஊராகக் கொண்டுபோன யூத அப்போஸ்தலர் பவுல் புதிய ஊருக்குப் போனதும் முதலில் ஜெப ஆலயத்தைத் தேடியது இதனால்தான்.

மொழியும் தயாராக இருந்தது. கிழக்கு மத்தியதரைப் பகுதி முழுவதும் வியாபாரத்துக்கும் பேச்சுக்கும் கிரேக்கம் போதும். எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்க்கும் வேலை கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவில் தொடங்கிவிட்டது. ஆக, புதிய செய்தியைச் சொல்ல வந்தவர்கள் புதிதாக வேதத்தை மொழிபெயர்க்கவும் வேண்டியதில்லை.

இன்னொரு கூட்டத்தையும் இங்கே தெரிந்துகொள்ள வேண்டும். ஜெப ஆலயங்களுக்கு யூதரல்லாத சிலரும் வந்துகொண்டிருந்தார்கள். ஒரே கடவுள் என்ற எண்ணமும் யூதர்களின் ஒழுக்க வாழ்க்கையும் அவர்களை ஈர்த்தன. ஆனால் முழு யூதராக மாற ஆண்கள் விருத்தசேதனம், அதாவது முன்தோலை நீக்கும் சடங்கு, செய்துகொள்ள வேண்டும், உணவு விதிகளைக் கைக்கொள்ள வேண்டும், சொந்த இனத்தாரை விட்டு விலக வேண்டும். அதற்குத் துணியாமல் வாசலிலேயே நின்றவர்களைத்தான் கிறிஸ்தவ வேதமான புதிய ஏற்பாடு தேவனுக்குப் பயப்படுகிறவர்கள் என்று சொல்கிறது. செசரியாவில் இருந்த ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதி கொர்நேலியு அப்படிப்பட்டவர். இன்றைய துருக்கியில் உள்ள அப்ரோதிசியாஸில் கிடைத்த ஒரு கல்வெட்டு யூதர்களின் பெயர்களோடு இத்தகையவர்களின் பெயர்களையும் தனியாகப் பட்டியலிடுகிறது. அதில் நகரசபை உறுப்பினர்களும் இருக்கிறார்கள், கைத்தொழில் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால், ஊருக்கு ஊர் யூதர்களின் கூடுமிடம் இருந்தது, பொதுவான மொழி இருந்தது, வாசல் வரை வந்து உள்ளே நுழைய முடியாமல் நின்ற ஒரு கூட்டமும் இருந்தது. அந்த வாசலை யார் திறந்தார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி.

வாசல் திறந்த முடிவு

இந்த வரலாற்றிலேயே மிக முக்கியமான திருப்பம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். பொதுப் பேச்சில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் இதுதான்.

இயேசுவின் முதல் சீடர்கள் எல்லோரும் யூதர்கள். எருசலேமில் அவர்களில் ஒருவரான ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்ட பிறகு பலர் ஊரை விட்டுச் சிதறினார்கள். அவர்களில் சைப்ரஸ் தீவையும் சிரேனே பட்டணத்தையும் சேர்ந்த சிலர் சிரியாவின் அந்தியோகியாவுக்கு வந்து, கிரேக்கரிடமும் இந்தச் செய்தியைப் பேசத் தொடங்கினார்கள். புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகள் என்ற நூல் இதைச் சொல்கிறது, ஆனால் அந்த மனிதர்களின் பெயர்களைச் சொல்லவில்லை. புறஜாதியார், அதாவது யூதரல்லாதவர்கள், பெருமளவில் சேர்ந்த முதல் சபை இப்படி உருவானது. சீடர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதலில் வழங்கியதும் இந்த அந்தியோகியாவில்தான்.

உடனே ஒரு பெரிய சண்டை வந்தது. இப்படிச் சேரும் புறஜாதியார் முதலில் யூதராக வேண்டுமா, வேண்டாமா? விருத்தசேதனமும், மோசேயின் நியாயப்பிரமாணம் என்ற யூதச் சட்டமும் அவர்களுக்கும் பொருந்துமா? யூதர்களுக்கு இது சடங்கைப் பற்றிய சின்ன விஷயமாக இருக்கவில்லை. கடவுள் தங்கள் முன்னோரோடு செய்த உடன்படிக்கையின் அடையாளம் அது. அதை விட்டுவிடலாம் என்று சொன்னவர்கள்மேல் கோபப்பட்டவர்களை வெறும் பழமைவாதிகள் என்று ஒதுக்குவது சரியில்லை.

49 வாக்கில் எருசலேமில் தலைவர்கள் கூடிப் பேசினார்கள். இயேசுவின் முதன்மைச் சீடர் பேதுரு, பவுல், அவரோடு ஊழியம் செய்த பர்னபா, இயேசுவின் சகோதரர் யாக்கோபு எல்லோரும் இருந்தார்கள். விருத்தசேதனம் தேவையில்லை என்பது முடிவு. விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது (கழுத்தை நெரித்துக் கொன்ற பிராணியின் இறைச்சி), வேசித்தனம் ஆகியவற்றை விட்டு விலகியிருந்தால் போதும் என்று யாக்கோபு வழி சொன்னார்.

காகிதத்தில் முடிந்தது பந்தியில் முடியவில்லை. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் விலகிக்கொண்டார். பவுல் எல்லோர் முன்னாலும் அவரை நேருக்கு நேராகக் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுலே இதைச் சொல்கிறார். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பது எவ்வளவு கனமான விஷயம் என்று நம் வாசகர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பவுல் அவ்வளவு பிடிவாதமாக நின்றதன் காரணமும் அதுதான். சேர்ந்து ஜெபிக்கலாம், சேர்ந்து சாப்பிடக் கூடாது என்றால் சபைக்குள்ளேயே இரண்டு தரம் உருவாகிவிடும்.

இந்த முடிவின் விளைவு பெரியது. ஒரு கிரேக்கன் கிரேக்கனாகவே இருக்கலாம், ஒரு சிரியன் சிரியனாகவே இருக்கலாம். பெயரையும் மொழியையும் உடையையும் மாற்ற வேண்டியதில்லை. விட வேண்டியது பழைய தெய்வங்களின் வழிபாட்டை மட்டும். அதுவே கடினமானதுதான், ஆனால் இனத்தையே விட்டு வெளியேறுவதோடு ஒப்பிட்டால் கடக்கக்கூடிய தூரம். இதற்கு வேறு ஒரு விலையும் இருந்தது. சபை மெல்ல மெல்லத் தன் யூத வேரிலிருந்து பிரிந்தது. அந்தப் பிரிவு பிற்காலத்தில் யூதர்கள்மேல் கிறிஸ்தவர்கள் காட்டிய பகையாக மாறியது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு நேர்மையாக இருக்கும்.

வீடும் பட்டறையும்

சரி, வாசல் திறந்தது. உள்ளே வந்தவர்கள் எங்கே கூடினார்கள்? பெரும்பாலும் யாராவது ஒருவருடைய வீட்டில். இதை வீட்டுச் சபை என்கிறோம்.

அன்றைய ரோம வீடு என்பது கணவன், மனைவி, பிள்ளைகள் மட்டும் இல்லை. அடிமைகள், விடுதலை பெற்ற அடிமைகள், வேலையாட்கள், அந்தக் குடும்பத்தை அண்டிப் பிழைத்தவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். பிலிப்பி பட்டணத்தில் ஆற்றங்கரையில் ஜெபத்துக்குக் கூடிய பெண்களிடையே பவுல் லீதியாளைச் சந்தித்தார். தியத்தீராவைச் சேர்ந்தவள், இரத்தாம்பரம் என்ற விலை உயர்ந்த சாயத்துணி விற்பவள், தேவனுக்குப் பயப்படுகிறவள். அவளும் அவள் வீட்டாரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். பவுலின் குழுவை வருந்தி அழைத்துத் தன் வீட்டில் தங்கவைத்தாள். ஒரு வியாபாரப் பெண்ணின் வீடு ஒரு பட்டணத்துச் சபையின் தொடக்கமாக ஆனது இப்படித்தான். வீட்டுத் தலைவர் மாறினால் வீடே மாறியது என்பதில் ஒரு நெருடலும் உண்டு. அந்த வீட்டு அடிமைகளின் விருப்பத்தை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

தொழிலும் அதே அளவு முக்கியம். பவுல் கூடாரம் செய்யும் தொழிலாளி. கொரிந்துக்கு வந்தபோது அதே தொழில் செய்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியோடு தங்கி வேலை பார்த்தார். பேரரசர் கிளவுதியு யூதர்களை ரோமிலிருந்து வெளியேற்றியதால் கொரிந்துக்கு வந்தவர்கள் அவர்கள். அப்புறம் எபேசுவுக்குப் போனார்கள், அங்கே அவர்கள் வீட்டில் ஒரு சபை கூடியது. பிறகு ரோமுக்குத் திரும்பினார்கள், அங்கேயும் அவர்கள் வீட்டில் ஒரு சபை. மூன்று நகரங்கள், ஒரே தம்பதி, ஒரே தொழில். அவர்கள் பிழைப்புக்காகப் போன இடமெல்லாம் செய்தியும் கூடவே போனது.

இதற்கு எதிரியின் சாட்சியே இருக்கிறது. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கெல்சு என்ற கிரேக்க அறிஞர் கிறிஸ்தவர்களைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். கம்பளித் தொழிலாளிகளும் செருப்புத் தைப்பவர்களும் துணி வெளுப்பவர்களும் வீடுகளுக்குள் பிள்ளைகளிடமும் பெண்களிடமும் இதைப் பேசுகிறார்கள், எசமான்கள் எதிரில் வாய் திறப்பதில்லை என்று அவர் குறைப்பட்டுக்கொள்கிறார். அவர் கேவலமாக நினைத்துச் சொன்னது, செய்தி எந்த வழியாக நடந்துபோனது என்பதை நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

வீட்டுச் சபை எப்படி இருக்கும் என்பதைக் கண்ணால் பார்க்கவும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. சிரியாவில் யூப்ரடீஸ் நதிக்கரையில் இருந்த தூரா யூரோப்பஸ் நகரில், 1930களின் தொடக்கத்தில் அகழ்வாய்வாளர்கள் ஒரு சாதாரண வீட்டைக் கண்டார்கள். இரண்டு அறைகளுக்கு நடுவிலிருந்த சுவரை இடித்து ஒரு கூடமாக்கியிருந்தார்கள். இன்னொரு சின்ன அறையில் ஞானஸ்நானத் தொட்டியும் சுவரோவியங்களும் இருந்தன. 256 வாக்கில் பாரசீகப் படை நகரத்தை முற்றுகையிட்டபோது, மதிலைப் பலப்படுத்த அதை ஒட்டிய கட்டிடங்களில் மண்ணைக் கொட்டி நிரப்பினார்கள். அந்த மண்தான் இந்த வீட்டைக் காப்பாற்றியது.

கடிதம் என்ற கயிறு

தனித்தனி வீடுகளில் கூடியவர்கள் ஏன் தனித்தனி மதங்களாக உடைந்து போகவில்லை? முக்கியமான காரணம் கடிதங்கள். புதிய ஏற்பாட்டில் நிருபம் என்று சொல்லப்படுபவை, சபைகளுக்கு அனுப்பி எல்லோர் முன்னிலும் வாசிக்கச் செய்த கடிதங்கள். கொரிந்து சபைக்கு எழுதியதைப் படித்தால், பணக்காரர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிட ஏழைகள் பசியோடு நிற்பதைப் பவுல் கண்டிப்பது தெரியும். அன்றாடச் சிக்கல்களுக்கு எழுதிய பதில்கள் அவை.

57 வாக்கில் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தைப் பலர் வெறும் பெயர்ப்பட்டியல் என்று தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு அதுதான் பொக்கிஷம். பவுல் அதுவரை ரோமுக்குப் போனதே இல்லை. ஆனாலும் அங்கே இருக்கும் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பேர் சொல்லி விசாரிக்கிறார். பிரிஸ்கில்லாள், மரியாள், பெர்சியாள் என்று பெண்கள் பலர், அடிமைகள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் பெயர்கள் சில. கெங்கிரேயா துறைமுகத்துச் சபையின் ஊழியக்காரி பெபேயாளை ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிறார். கடிதத்தைக் கொண்டுபோனவர் அவர்தான் என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். பவுல் வருவதற்கு முன்பே ரோமில் சபை இருந்தது. அதைத் தொடங்கிவைத்தவர் யார் என்று புதிய ஏற்பாடு சொல்லவில்லை.

சேர்வதும் நிலைப்பதும்

கூட்டமாகக் கேட்டு அன்றே ஞானஸ்நானம் பெற்ற நிகழ்ச்சிகள் அப்போஸ்தலர் நடபடிகளில் உண்டு. ஆனால் காலம் போகப் போகச் சேர்க்கை மெதுவானது. பழைய சபை ஒழுங்கு நூல் ஒன்று, ஞானஸ்நானத்துக்கு முன் மூன்று ஆண்டு கற்க வேண்டும் என்கிறது. விக்கிரகம் செய்பவரும், அரங்கில் ஆயுதச் சண்டை போடுபவரும் தொழிலை விட வேண்டும்.

துன்புறுத்தலைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. முந்நூறு ஆண்டும் தினந்தோறும் சிங்கத்துக்கு இரையானார்கள் என்பது உண்மை இல்லை. 64இல் ரோமில் பேரரசர் நீரோ செய்தது போல, ஓர் ஊரில் ஒரு காலத்தில் வெடித்து அடங்கியதே அதிகம். பேரரசு முழுவதையும் தொட்ட உத்தரவு 250 வாக்கில் பேரரசர் தேக்கியு காலத்தில்தான் வந்தது. எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றது அந்த உத்தரவு. அந்தச் சான்றிதழ்கள் எகிப்தில் பப்பிரசு என்ற நாணல் தாள்களில் கிடைத்திருக்கின்றன. பயந்து பலியிட்ட கிறிஸ்தவர்களும் ஏராளம். அவர்களைத் திரும்பச் சேர்ப்பதா என்பது சபைக்குள் பெரிய தகராறாக இருந்தது.

பிளினி தன் விசாரணையில் சபை ஊழியக்காரிகளாக இருந்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து கேட்டதாக எழுதுகிறார். குறிப்பிட்ட நாளில் விடியும் முன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் பாடுகிறார்கள், திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள் என்பதுதான் அவருக்குத் தெரிந்தது. அந்த இரண்டு பெண்களின் பெயரை அவர் எழுதவில்லை. ஓர் அடிமைப் பெண் சபையில் பொறுப்பு வகிக்க முடிந்தது என்ற ஒன்றே, இந்தச் செய்தி ஏன் கீழ்த்தட்டு மக்களைத் தொட்டது என்பதைப் பாதி சொல்லிவிடுகிறது.

மீதிப் பாதி பராமரிப்பு. 251 வாக்கில் ரோமச் சபையின் ஆயர் கொர்நேலியு எழுதிய கடிதத்தில், சபை 1,500க்கும் மேற்பட்ட விதவைகளையும் ஏழைகளையும் தாங்குவதாகச் சொல்கிறார். அதே காலத்தில் கொள்ளைநோய் பேரரசை உலுக்கியது. அலெக்சாந்திரியா ஆயர் தியோனீசியு, விசுவாசிகள் நோயாளிகளைக் கவனித்து, அதனாலேயே தொற்றி இறந்ததை எழுதியிருக்கிறார். தண்ணீர் கொடுக்க ஆள் இருந்தாலே பிழைப்பவர்கள் பலர் உண்டு. பிழைத்து எழுந்தவருக்கு யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பது மறக்காது. பின்னர் 361 முதல் 363 வரை ஆண்ட பேரரசர் ஜூலியன், பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்றவர். இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் தாங்குகிறார்களே என்று அவரே ஆதங்கப்படுகிறார்.

சுருக்கமாக, வீடும் தொழிலும் ஆட்களைக் கொண்டுவந்தன, கடிதம் அவர்களை இணைத்தது, பராமரிப்பு அவர்களை நிலைக்கவைத்தது.

சின்னக் கூட்டம் பெரிதான கணக்கு

இவ்வளவு மெதுவாகப் பரவினால் எப்படி இலட்சக்கணக்கில் ஆக முடியும்? சமூகவியலில் இதற்கு ஒரு மதிப்பீடு போட்டிருக்கிறார்கள். 40இல் ஆயிரம் பேர் என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுக்கு 40 சதவீதம், அதாவது பத்துப் பேர் பதினான்கு பேராகும் வேகம். 100இல் ஏழாயிரத்து ஐந்நூறு பேர்தான் இருப்பார்கள். 200இல் இரண்டு இலட்சத்துக்குக் கொஞ்சம் மேல். 300இல் அறுபது இலட்சத்தைத் தாண்டிவிடும். பேரரசின் மக்கள்தொகை ஆறு கோடி என்று எடுத்தால் அது பத்தில் ஒரு பங்கு. பிறந்த குழந்தைகளும் இதில் அடக்கம். ஒரு குடும்பம் பத்தாண்டில் இன்னொரு குடும்பத்தைக் கொண்டுவர வேண்டும் என்றுகூட இல்லை, அதில் பாதி வேகமே போதும். அதிசயமான கூட்டுமனமாற்றம் எதுவும் இல்லாமலே எண்ணிக்கை பொருந்திவருகிறது.

கான்ஸ்டன்டைன் செய்தது என்ன?

313இல் கான்ஸ்டன்டைனும் அவரோடு ஆட்சியைப் பகிர்ந்த பேரரசர் லிசினியுவும் எல்லா மதங்களுக்கும் வழிபாட்டு உரிமை கொடுத்தார்கள், கிறிஸ்தவர்களிடமிருந்து பறித்த சொத்துகளைத் திருப்பித் தரச் சொன்னார்கள். கிறிஸ்தவம் அரச மதமானது அப்போது இல்லை. 380இல் பேரரசர் தியோதோசியு வெளியிட்ட ஆணையில்தான் அது நடந்தது. 390களில் பழைய தெய்வங்களுக்குப் பலியிடுவதே தடை செய்யப்பட்டது. கான்ஸ்டன்டைன் காலத்திலிருந்து பணமும் சலுகையும் பெரிய ஆலயங்களும் வந்தன, பின்னால் வற்புறுத்தலும் வந்தது. 4ஆம் நூற்றாண்டின் வேகத்துக்கு அரசே பெரிய காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அவர் கையில் எடுத்தது ஏற்கெனவே பேரரசு முழுக்க வேர்விட்டிருந்த ஓர் அமைப்பை.

பேரரசரின் எல்லைக்கு வெளியே

ரோமச் சட்டம் செல்லாத இடங்களிலும் சபைகள் உண்டானது, அரசர் பரப்பினார் என்ற ஒற்றைக் காரணம் போதாது என்பதைக் காட்டுகிறது. எத்தியோப்பியாவின் அக்சும் நாட்டில் அதைத் தொடங்கிவைத்தவர் தீரு பட்டணத்து இளைஞர் புருமெந்தியு. பயணத்தில் பிடிபட்டு அரசவையில் பணிக்கு அமர்ந்த அவர், அங்கே வந்துபோன ரோம வணிகர்களைக் கூட்டி ஜெபிக்க இடம் ஏற்படுத்தினார். 4ஆம் நூற்றாண்டில் அரசர் எசானாவின் நாணயங்களில் பழைய பிறைச் சின்னம் போய்ச் சிலுவை வந்தது.

பாரசீகத்தில் கிறிஸ்தவர்கள் வேறு ஒரு பேரரசின் குடிகள். ரோமோடு பகை இருந்த அந்த நாட்டில், ரோமப் பேரரசர் கிறிஸ்தவரானது அவர்களுக்கு ஆபத்தாகவே முடிந்தது, 4ஆம் நூற்றாண்டில் கடுமையாகத் துன்புறுத்தப்பட்டார்கள். அங்கிருந்து கடல்வழி வணிகர்களோடு சபை நம் பக்கமும் வந்தது. தோமா அப்போஸ்தலரே வந்தார் என்பது கேரளக் கிறிஸ்தவர்களின் நீண்ட மரபு. எழுத்துச் சான்றாக, 6ஆம் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் கொஸ்மாஸ், மிளகு விளையும் மலபார்க் கரையிலும் இலங்கையிலும் கிறிஸ்தவர்கள் இருப்பதாகச் சொல்கிறார். இலங்கையில் இருந்தவர்கள் குடியேறிய பாரசீகர்கள் என்றும், அவர்களுக்கான மூப்பர் பாரசீகத்திலிருந்து நியமிக்கப்பட்டார் என்றும் எழுதியிருக்கிறார். சென்னை பரங்கிமலையில் உள்ள பழைய கற்சிலுவையைச் சுற்றிச் செதுக்கியிருப்பதும் பாரசீகத்தின் பஹ்லவி எழுத்துதான்.